ஒன்பதாவது கேள்வி

இரண்டு முழம் என்று எழுதியிருக்க வேண்டாம். பக்கத்தில் என்று எழுதியிருக்கலாம், சமீபத்தில் என்று எழுதியிருக்கலாம், தூரத்தைப் பற்றி மூச்சே விடாமலும் இருந்திருக்கலாம். இரண்டாம் மணி அடித்து ஓய்ந்து, கிருபைவிளை சபையார் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை சொல்லத் தொடங்கியபோது, மாசிலாமணி வாத்தியாரின் வாய் மற்றவர்களோடு சேர்ந்து அசைந்ததே தவிர மனசு அந்த இரண்டு முழத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது. செய்யாமல் விட்டதையும் செய்யக் கூடாததைச் செய்ததையும் சபையார் ஒரே ராகத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன, மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அவனுடையதற்கு அளவு இருந்தது. தூரம், வெளிச்சம், திசை, நேரம் எல்லாம் இருந்தது, சீமையில் அச்சிலும் ஏறிவிட்டது. அந்தப் புஸ்தகம் இதோ, வெள்ளைக்காரப் பாதிரியார் பென்விக் ஐயரின் வேதாகமத்துக்குப் பக்கத்தில், சிவப்பு அட்டையோடு, நடுவில் பச்சை நாடா வைத்து அடையாளம் பண்ணப்பட்டு உட்கார்ந்திருந்தது. காலையில் ஐயர் அவனைப் பங்களா வராந்தாவுக்குக் கூப்பிட்டு அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். மனிதர்கள் துக்கத்தையும் பயத்தையும் வெட்கத்தையும் முகத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றித் தார்ன்பி துரை எழுதியது, நானூறு பக்கம். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் இந்தப் பனங்காட்டு ஊரின் பேர், அதற்கு அடுத்தாற்போல மிஸ்டர் மாசிலாமணி, உபாத்தியாயர். "ஆராதனை முடிந்தவுடனே நான் இந்தப் பக்கத்தைத் தமிழில் வாசித்துச் சபையாரைச் சந்தோஷப்படுத்துவேன். உமக்குச் சம்மதம்தானே, மாசிலாமணி?" என்று ஐயர் கேட்டார். சம்மதமில்லை ஐயா. இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் தலை தன்பாட்டுக்கு ஆடிவிட்டது.

எல்லாம் ஓர் ஒற்றைத் தாளில் ஆரம்பித்த வினை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், மழை சொட்டிய தபால் பையிலிருந்து ஐயர் அதை எடுத்து நீட்டினார். தார்ன்பி துரை கால் முடியாதவராம், தன் தோட்டத்தைத் தாண்டிப் போவதில்லையாம், ஆனால் உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கடிதம் போட்டே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாராம். ஆப்பிரிக்காவில் ஒரு பாதிரியார், பர்மாவில் ஒரு மரவியாபாரி, ஏதோ தீவில் ஒரு கப்பல் மாலுமி, எல்லோருக்கும் அதே அச்சுத் தாள், அதே பதினாறு கேள்வி. வெட்கத்தில் உங்கள் நாட்டாருக்கு முகம் சிவக்கிறதா? ஆச்சரியத்தில் வாய் தானாகத் திறக்கிறதா? ஆமாம் என்பதற்குத் தலையை மேலும் கீழும் அசைக்கிறார்களா? "எனக்கு நேரமில்லை, ஜனங்களின் முகமும் எனக்கு முன்னால் ஒரு தினுசாகவே இருக்கிறது. நீர் இவர்களில் ஒருவர், உமக்கு மெய்யான முகம் தெரியும்" என்றார் ஐயர். அந்த வார்த்தையில் மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரிச் சோற்றை மறந்து தாளை நாலு தரம் வாசித்தான். தாளின் அடியில் பொடி எழுத்தில், தெரியாத கேள்விகளை விட்டுவிடலாம், ஒன்றுக்கு மாத்திரம் பதில் வந்தாலும் உபகாரமே என்று போட்டிருந்தது. அதையும் வாசித்தான், வாசிக்காமல் இல்லை. ஆனால் செமினரியில் ஆறு வருஷம் பரீட்சை எழுதியவனுக்குத் தெரியும், கேள்வித் தாளில் அப்படியெல்லாம் போடுவது உபசாரத்துக்கு. விருந்துக்கு வந்தவனிடம் முடிந்த மட்டும் சாப்பிடுங்கள் என்று சொல்வதில்லையா, அதற்காக இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட முடியுமா? பதினாறு கேள்வி என்றால் பதினாறு பதில். ஒன்றை வெறுமையாக விட்டால் கிருபைவிளை வாத்தியார் தேறவில்லை என்று சீமைக்கே தெரிந்துவிடும். இந்த ஒரு முட்டாள்தனம்தான், வேறென்ன, என்று முழந்தாள் வலிக்க வலிக்க அவன் தன்னையே திட்டிக்கொண்டான். ஒரு இடத்தை வெறுமையாக விடத் தெரியாத முட்டாள்தனம்.

சங்கீதத்துக்கு எழுந்து நின்றார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது வாத்தியாரின் வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான், சுருதி மேலே போய்விட்டது, பின்னால் ஆண்கள் பக்கம் எட்ட முடியாமல் திணறியது. பெண்கள் பக்கத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, பரிபூரணம் இன்றைக்கு முதல் வரிசைப் பாயில் நிற்கிறாள், நீலக் கரை போட்ட சேலையில். ஐயருடைய மனைவி காலையிலேயே ஆள் விட்டு, உன் புருஷனுக்கு இன்றைக்கு மரியாதை நடக்கப் போகிறது, முன்னால் வந்து உட்கார் என்று சொல்லியிருந்தாள். அந்தத் தாள் வந்த புதிதில் எத்தனை சிரிப்பாக இருந்தது. பயத்துக்கான கேள்விக்காக உபதேசியார் ஈசாக்கின் பாய்க்கு அடியில் பாம்புச் சட்டையைச் செருகிவைத்தது, அவர் துள்ளிய துள்ளலில் புருவம் எங்கே போனது, கை எங்கே போனது என்று ஓடி ஓடி எழுதியது, ஈசாக்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதது. தலையாட்டலுக்காக நாலு நாள் கண்டவனையெல்லாம் நிறுத்தி, சாப்பிட்டாச்சா, மழை வருமா, மாடு ஈன்றதா என்று கேட்டு, ஆமாம் என்கிறவனும் இல்லை என்கிறவனும் ஒரே மாதிரிப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பார்த்துத் திகைத்துப்போனது. பரிபூரணம் அடுப்படியிலிருந்து, "உங்களுக்கு என்னமும் ஆயிட்டா? ஊரே வாத்தியாருக்குக் கழுத்துல கோளாறுங்கு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. அம்மா சிரிக்கிறாள் என்று அதுவும் சிரித்தது. எஸ்தர். அப்போது ஒன்றேமுக்கால் வயசு. ஒன்பதாவது கேள்வி மட்டும்தான் அப்போது பாக்கி.

மிகுந்த துக்கத்தில் புருவங்களின் உள்முனைகள் மேலே ஏறுகின்றனவா? நெற்றியின் நடுவில் மாத்திரம் சுருக்கம் விழுகிறதா? ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம், ஞாபகம் ஏமாற்றும், கண்ணால் கண்டதையே எழுதவும். கேட்பதற்கு எளிது. இந்த ஊரில் துக்கத்தை யார் எங்கே போய்ப் பார்ப்பது? சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்கள், கூந்தல்தான் தெரியும், நெற்றி எங்கே தெரியப்போகிறது? தெரிந்தாலும் அடுத்தவன் பெண்சாதியின் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்க்கிற வாத்தியாரை யார் பிள்ளைக்குப் பாடம் சொல்ல விடுவார்கள்? ஆண்களோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் போய்விடுகிறார்கள். போதாததற்கு ஐயரின் ஒழுங்கு வேறு. நம்பிக்கையில்லாதவர்களைப் போல மார்பில் அடித்து ஒப்பாரி வைப்பது விசுவாசிகளுக்கு ஏற்றதல்ல, சத்தம் போட்டு அழுத வீட்டுக்கு அடக்க ஆராதனைக்கு வர மாட்டேன் என்று அவர் ஒரு தரம் சொல்லியிருந்தார். ஆகவே ஒன்பதாவது இடம் வெறுமையாகவே கிடந்தது. மாசக் கணக்கில் கிடந்தது. தார்ன்பி துரைக்குத் தாளை அனுப்பவும் மனசில்லை, கிழித்துப் போடவும் மனசில்லை. யாராவது செத்தால் தேவலை என்று கூட ஒரு நாள் நினைத்தேனா? இல்லை, அப்படி நினைக்கவில்லை. நினைத்தேனா? இல்லை. ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, இதிலும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நினைத்ததுண்டு. அது வேறு. அது வேறுதானா? சங்கீதம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், அவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். ஈசாக்கு வேட்டியைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தான்.

ஆறு நாள் காய்ச்சல். ஐயர் குடும்பத்தோடு குற்றாலத்தில் இருந்தார், கோடைக்கு. மருந்துப் பெட்டி அவரோடு போயிருந்தது. ஏழாம் நாள் விடிந்து ஒரு நாழிகை இருக்கும், கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே விழுந்தது. பரிபூரணம் சுவரில் சாய்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள், அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். குழந்தையின் மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருமென்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவன் அதற்குப் பிறகு குழந்தையைத்தான் பார்த்திருக்க வேண்டும். அப்படித்தானே எந்தத் தகப்பனும் செய்வான்? நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அழவில்லை. வாத்தியார் வீட்டு அம்மாளே சத்தம் போட்டால் ஊர் என்ன செய்யும் என்று ஐயர் சொன்னதை மனசில் வைத்திருந்தாள் போல, வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டாள். கையில் குழந்தை இருந்ததால் முந்தானையை எடுத்து முகத்தை மூடவும் முடியவில்லை. வாய் வழியாகப் போக முடியாததெல்லாம் நெற்றிக்கு ஏறியது. புருவங்களின் உள்முனை இரண்டும் மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பது போல மேலே போயின, நடு நெற்றியில் மட்டும் சுருக்கம் விழுந்தது, ஓரத்தில் வழவழவென்று இருந்தது. ஒன்பது, என்று அவன் மனசு சொன்னது. அவன் சொல்லவில்லை. அதுவாகவே சொன்னது. இந்த இரண்டு வருஷத்தில் ஆயிரம் தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டான், அவன் அதைத் தேடிப் போகவில்லை, கேள்வியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, அது வந்தது. ஆனால் வந்ததற்குப் பிறகு அவன் கண்ணைத் திருப்பவில்லையே. அதற்கு யாரைப் பழி சொல்வது? பார்த்துக்கொண்டே இருந்தான், புருவம் தானாக இறங்குகிற வரைக்கும். ஈசாக்கு வந்து அடக்கம் நடத்தினார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து மேசையில் தனியாக உட்கார்ந்து ஒன்பதாவது பதிலை எழுதினான். இவ்வூர் ஸ்திரீ ஒருத்தி, வயது இருபத்திரண்டு, தன் ஒரே குழந்தை இறந்த சமயத்தில், என்று ஆரம்பித்து, நல்ல இங்கிலீஷில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

கர்த்தருடைய ஜெபம் தொடங்கியது. அடுத்த சங்கதி இதில்தான் இருக்கிறது. ஆறு மாசம் கழித்துத் தார்ன்பி துரையிடமிருந்து பதில் வந்தது, ஐயர் மூலமாக இல்லை, நேரே அவன் பேருக்கே. இந்தியாவிலிருந்து வந்த பதில்களில் உம்முடைய ஒன்பதாவதே எனக்கு மிகவும் அருமையானது, ஆனால் விஞ்ஞானத்துக்குத் துல்லியம் வேண்டும், தயவுசெய்து எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர், வெளிச்சம் எப்படி, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிவியும். அந்த உறை மூன்று நாள் அலமாரியில் இருந்தது. பரிபூரணம் அதைத் தூசி தட்டி நேராக வைத்தாள், அரக்கு முத்திரையையும் அவன் பேர் எழுதியிருந்த இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். நாலாம் நாள் பதில் எழுதினான். இரண்டு முழம். காலை வெயில், முகம் கிழக்கு நோக்கி இருந்தது, வெளிச்சம் போதுமானது. நேரத்துக்குத்தான் கொஞ்சம் திண்டாடினான், அன்றைக்குக் கடிகாரமா பார்த்தான்? கடைசியில், கர்த்தருடைய ஜெபத்தை இரண்டு தரம் சொல்லும் நேரம் என்று எழுதினான். அதை எழுதுவதற்காக மனசுக்குள் சொல்லியும் பார்த்தான், ஒரு தரம், இரண்டு தரம், ஆம், சரிதான். இப்போது சபை முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது, நிதானமாக, ஐயருக்குப் பிடித்த நிதானத்தில். எவ்வளவு நீளமாக இருக்கிறது. பாதி கூட வரவில்லை. இது முடிந்து இன்னொரு தரம் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரமா பார்த்துக்கொண்டிருந்தேன்? எழுந்து போய் அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கியிருக்க அத்தனை நேரமும் போதுமே. அவன் வாயை மூடிக்கொண்டு, மற்றவர்கள் ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

பிரசங்கம் ஆரம்பித்தபோது, இனி அரை மணி இருக்கிறது என்று கணக்குப் போட்டான். அரை மணிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மயங்கி விழலாம். விழுந்தால் பரிபூரணம் பயந்துவிடுவாள், ஐயரோ மத்தியானம் வீட்டுக்கே புஸ்தகத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார், அது இதைவிட மோசம். ஒரு சீட்டு எழுதி ஈசாக்கு கையில் கொடுத்து ஐயருக்கு அனுப்பலாம். என்ன என்று எழுதுவது? அந்த ஸ்திரீ என் மனைவி என்றா? ஐயர் நல்லவர்தான். உடனே கண் கலங்கி, பார்த்தீர்களா, தன் சொந்தத் துக்கத்தையும் உண்மைக்காக ஒப்புக்கொடுத்தான் என்று அதையே இரண்டாவது பிரசங்கமாக ஆக்கிவிடுவார். ஊருக்கு ஸ்திரீ யாரென்று தெரியாதிருந்தால்? ஆ, அது இன்னும் அழகு. இரண்டு முழத்தில் நின்று வாத்தியார் எந்த வீட்டு ஸ்திரீயின் நெற்றியைப் பார்த்தார் என்று கிணற்றடி முழுக்க ஆறு மாசம் பேசிச் சிரிக்கும். பேசட்டும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஊருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியுமே. ஒரே குழந்தை, இருபத்திரண்டு வயசு, கிழக்கு வெயில். எத்தனை பேருக்குப் பொருந்தும்? குழந்தை போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அவனோடு பேசவில்லை. சண்டையில்லை, கோபமில்லை, பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். சோறு ஆனதும் கும்பாவைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்கும், அதுதான் அழைப்பு. இந்தப் பங்குனியில் ஒரு நாள் சாப்பிட வாங்க என்று குரல் வந்தது. பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவனுக்குக் கண் மறைத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அந்தக் குரல் வருகிறது. நேற்றுக் கூட வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பச்சை நாடாவை விலக்கி ஐயர் வாசிப்பார், அதோடு போயிற்று. கூடப் படுத்து எழுந்தவன் நம்முடைய பிள்ளை போகிற நேரத்தில் நம்மை முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்த பிறகு எந்தப் பெண்பிள்ளைக்குச் சாப்பிட வாங்க என்று வாய் வரும்? ஐயர் பிரசங்கத்தில் விதைக்கிறவனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதி விதை வழியோரம் விழுந்துவிட்டது. கடைசிப் பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

கடைசிப் பாட்டுக்கு மூன்று சரணமுள்ள கீர்த்தனை ஒன்றை ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். மாசிலாமணி எழுந்து, அதை விட்டுவிட்டு, பதினாலு சரணமுள்ள ஒன்றை ஆரம்பித்துவிட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் சரணத்தில் தாளம் தளர்ந்தது, ஒன்பதாம் சரணத்தில் கைக்குழந்தைகள் அழத் தொடங்கின, பதினோராம் சரணத்துக்கு அவனும் ஈசாக்கும் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள், ஈசாக்கு அவனை முறைத்துக்கொண்டே பாடினார். ஐயர் மட்டும் சிரித்த முகமாக இருந்தார். சந்தோஷத்தில் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டார் போல. பதினாலும் தீர்ந்தது. பதினைந்தாவது இல்லை.

"பிரியமானவர்களே," என்று ஐயர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், "நம்முடைய சிறிய ஊரின் பேரைப் பெரிய சாஸ்திரிகள் இன்று வாசிக்கிறார்கள்." பிறகு வாசித்தார். தமிழில் தட்டித் தடுமாறி, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்து, ஒன்றையும் விடாமல் வாசித்தார். ஸ்திரீ ஒருத்தி. இருபத்திரண்டு. தன் ஒரே குழந்தை. கூடைக்காரனைப் போல ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மூன்றடி என்று இங்கிலீஷில் இருந்ததை நின்று யோசித்து, "அதாவது இரண்டு முழம்" என்று தெளிவாகச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் ஒரு கிசுகிசுப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். ஜெபம் இரண்டு தரம் சொல்லும் நேரம் என்று ஐயர் முடித்தார். வாசித்து முடித்த பிறகுதான் ஐயருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும், புஸ்தகத்திலிருந்து நிமிர்ந்து முதல் வரிசையைப் பார்த்தார், முகம் சிவந்து, அவசரமாகக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொன்னார். மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயில் ஒரு எறும்பு போனது. அவள் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் போலவும் இருந்தது, உலகத்தில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், அதை மட்டும் பார்க்கக் கூடாது போலவும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற மணல் பாதையில் வழக்கம் போல அவன் முன்னால் நடந்தான், அவள் நாலு எட்டுப் பின்னால் வந்தாள். உச்சி வெயில். காலடிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தான். வந்துகொண்டிருந்தது. நின்றுவிட்டால் என்ன செய்வது, நிற்காமல் வந்தால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் பயந்துகொண்டே நடந்தான். விடலிப் பனைக் கூட்டம் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்ததும் குரல் வந்தது.

"ஐயரு வாசிச்சது என்னையத்தானே?"

"ஆமா பிள்ள."

"எல்லாம் நெசந்தானா? கூட்டிக் கொறச்சு எழுதலியே?"

"நெசந்தான்."

காலடிச் சத்தம் கிட்டே வந்தது. அவன் திரும்பவில்லை.

"நீங்க என்னையப் பாத்துக்கிட்டு இருந்தியன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "அழப்பிடாதுன்னு இருந்தேன்லா. உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது, இவுகளுக்காவது தெரியுதே, இவுக கண்ண எடுக்காமப் பாக்காகளேன்னு இருந்திச்சு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த ரெண்டு வருசமும் இருந்தேன். துரைக்காகவா பாத்திய?"

அடித்திருந்தால் தேவலை. "தெரியல பிள்ள," என்றான். "சத்தியமாத் தெரியல." அது பொய்யில்லை.

"புஸ்தகத்துல பிள்ளை பேரு இருக்கா?"

"இல்ல."

"ஏன்?"

"அத அவுக கேக்கல."

"கேட்டாத்தான் எழுதுவியளோ?"

அதற்குப் பிறகு அவள் அவனைத் தாண்டிப் போனாள். அவன் வீட்டுக்குள் போனபோது அவள் கைப்பெட்டியைத் திறந்து தாளும் மைக்கூடும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். சேலை கூட மாற்றவில்லை. "உக்காருங்க. துரைக்கு நான் ஒரு காயிதம் போடணும். நான் சொல்லுதத நீங்க இங்கிலீசுல எழுதுங்க. சேக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

அவன் உட்கார்ந்தான். பேனாவை நனைத்தான். குனிந்த தலை நிமிரவில்லை.

"அவ பேரு எஸ்தர். ரெண்டு வயசு நாலு மாசம். தவழவே இல்ல, சுவரப் பிடிச்சு எந்திரிச்சு நேரா நடந்துட்டா. ஆட்டுக்குட்டிய அண்ணாச்சின்னு கூப்பிடுவா. பயினி குடிச்சா வாயத் தொடைக்க விடமாட்டா, மீசை மீசைன்னு எல்லாருட்டயும் போய்க் காட்டுவா." பயினிக்கு இங்கிலீஷில் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. பனையில் இறங்கும் இனிப்பு நீர் என்று எழுதினான், அது பயினி மாதிரியே இல்லை. அடித்துவிட்டுப் பயினி என்றே எழுதினான். "காய்ச்சல்ல அஞ்சாம் நாளு தண்ணி கேட்டா. ஆறாம் நாளு அப்பான்னா. நீங்க பள்ளிக்கூடத்துல இருந்திய. உங்ககிட்டச் சொல்லல. எழுதிட்டியளா?"

"எழுதிட்டேன்."

"வாசிங்க. தமிழ்ல."

அவள் பேர் எஸ்தர், என்று வாசித்தான். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஆறாம் நாள் என்ற இடத்தில் கண் போய் நின்றுகொண்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஐயரின் ஒழுங்குக்குள் அடங்காத சத்தம், ஆடு மாடு போடுகிற மாதிரி. அன்றைக்கே அழுதிருக்க வேண்டியவன் அவன். தாளின் மேலேயே கவிழ்ந்துவிட்டான், மை கன்னத்தில் ஒட்டியது. பங்களா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, ஜன்னலும் திறந்திருந்தது. அந்த நினைப்பு வந்ததும் பழக்கத்தில் துண்டை எடுத்து வாயைப் பொத்தினான். பரிபூரணம் கையை நீட்டி அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சத்தமாவே அழுங்க," என்றாள். "ஐயருக்குக் கேட்டாக் கேக்கட்டும்."